முப்பத்தெட்டாவது மான்

கோப்ரல் ஸெய்னுதீன் இராணுவத்தில் சேர்ந்த பதினாறு வருஷத்தில் ஒருவரையும் சுட்டதில்லை. முகாமின் களஞ்சியம் அவர் பொறுப்பு. சப்பாத்து, போர்வை, சவர்க்காரம், அரிக்கன் லாம்பு எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். முகாமில் திரிந்த மான்களும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. மான் எப்படிக் களஞ்சியச் சாமானாகும் என்று அவர் ஒருமுறை தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டார். அப்படியானால் அது வேறு என்ன சாமான் என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அவருடைய ஒரே மகள் ஸுல்பிகாவுக்குப் பதினொரு வயது.

முகாம் திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்த ஒரு குன்றின் மேல் இருந்தது. வெள்ளைக்காரர் கட்டிவிட்டுப் போன நீட்டு ஓட்டுக் கட்டடம் ஒன்றைப் பன்னிரண்டாகத் தடுத்து, பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினால் பன்னிரண்டு வீட்டுக்கும் பசிக்கும். தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை தண்ணீர் வரும். வரிசை புருஷன்மாரின் பதவிப்படி. முதலில் சார்ஜன்ட் மேஜரின் மனைவி, அவருக்குப் பின்னால் சார்ஜன்ட்மாரின் மனைவிமார், அப்படியே கீழே இறங்கி லான்ஸ் கோப்ரலின் மனைவியிடம் வரும்போது குழாய் பெரும்பாலும் காற்று விட்டுக்கொண்டிருக்கும். இப்படியொரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதாத சட்டம் என்பதால் அதை மாற்றவும் வழியில்லை.

பிள்ளைகளுக்கும் தகப்பன்மாரின் பதவிதான். ஏழாம் நம்பர் வீட்டில் ஸுல்பிகா இருந்தாள். எட்டாம் நம்பரில் இனோகா. இனோகாவின் தகப்பன் விமலசிறி சிக்னல் பிரிவில் லான்ஸ் கோப்ரல். ஆகவே இரண்டு வயது மூத்தவளாக இருந்தும் இனோகா விளையாட்டில் ஸுல்பிகாவுக்கு சலூட் அடிக்க வேண்டியிருந்தது. அடித்துவிட்டு அவளுடைய பின்னலைப் பிடித்து இழுப்பாள். இழுக்கக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

முகாமில் தமிழ் பேசும் குடும்பம் ஏழாம் நம்பர் ஒன்றுதான். கோபம் வந்தால் முகாம் பிள்ளைகள் ஸுல்பிகாவைச் சிங்களத்தில் ‘தெமள’, தமிழச்சி, என்பார்கள். டவுனில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ‘ஆமிக்காரன்ட மகள்’ என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆமி ட்ரக்கில்தான் போக வேண்டும். அவள் ஒரு சந்திக்கு முன்னாலேயே இறங்கி, பஸ்ஸில் வந்தவள் மாதிரி மற்றப் பக்கத்தால் நடந்து போவாள். அந்தப் பக்கத்தால் பஸ் ஓடுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் கேட்டதில்லை.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை மான்களை எண்ணித் தலைமையகத்துக்கு அறிவிக்க வேண்டும். வாப்பா ஸெய்னுதீன் எண்ணத் தொடங்கினால் இருபதைத் தாண்டும்போது மான்கள் இடம் மாறிவிடும். அதனால் அந்த வேலையை ஸுல்பிகா எடுத்துக்கொண்டாள். சமையற்கட்டுக்குப் பின்னால் இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒரு ஒடுக்கமான வழி இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பாண் துண்டுகளைப் போட்டால் மான்கள் ஒவ்வொன்றாய்த்தான் வர வேண்டும். அவள் சுவரில் ஏறியிருந்து எண்ணுவாள். “முப்பத்தெட்டு, வாப்பா” என்பாள். வாப்பா எழுதிக் கையெழுத்து வைப்பார்.

அந்த வருஷம் ஜூன் மாதம் இனோகா பெரியபிள்ளையானாள்.

நேரம் நல்லதாக இருந்தது என்று அவர்களுடைய ஜோதிடர் சொல்லியனுப்பினார். மற்ற விஷயங்கள் அவ்வளவு நல்லதாக இல்லை. சண்டை காரணமாகப் பாதை பூட்டி மூன்று கிழமையாகியிருந்தது. முகாமுக்கு இறைச்சி வரவில்லை. காலையும் மாலையும் தகரப்பேணியில் அடைத்த ரின் மீன். ஏழு நாள் இனோகாவைப் பின்னறையில் மறைத்து வைத்திருந்தார்கள். ஆண்கள் யாரும் பார்க்கக்கூடாது. ஸுல்பிகா மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளோடு இருந்து சீட்டாடுவாள். அந்த ஏழு நாளும் இனோகா அவளுக்கு சலூட் அடிக்கவில்லை. இப்போது தனக்கு லீவு என்றாள்.

ஏழாம் நாள் சனிக்கிழமை. காலையில் தலைக்கு வார்த்தார்கள். மத்தியானம் விருந்து. சீலவதி, அதாவது இனோகாவின் தாய், ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பருக்கு வந்தாள். சீலவதிக்குத் தமிழ் தெரியும். திருகோணமலை மீன் சந்தையில் படித்த தமிழ். இனோகா அதை ஏழாம் நம்பரில் படித்திருந்தாள்.

“றஹ்மா அக்கா, இந்தாங்க. நல்ல மாட்டிறைச்சி.”

ஸுல்பிகாவின் உம்மா மூடியைத் தூக்கிப் பார்த்தாள். மிளகும் கறுவாவும் மணத்தன.

“எங்கட ஆக்கள் அறுக்காத இறைச்சிய நாங்க திங்கிறல்ல சீலவதி. கோவிச்சுக்காதீங்க.”

“ஐயோ, அது எனக்கு மறந்துபோச்சு” என்று சீலவதி கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் பருப்பும் பப்படமும் கொண்டு வந்து தந்தாள். மற்றப் பத்து வீடுகளும் இறைச்சி சாப்பிட்டன. சார்ஜன்ட் மேஜர் இரண்டு முறை சாப்பிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை முப்பத்தேழு மான்கள் வந்தன.

ஸுல்பிகா இன்னும் கொஞ்சம் பாண் போட்டு மறுபடி எண்ணினாள். முப்பத்தேழு. மூன்றாம் முறை வாப்பா எண்ணினார். முப்பத்தொன்று. அதை அவரே தள்ளிவிட்டார். இடது காது கிழிந்த பெரிய கிடாயைக் காணவில்லை என்பதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள். இரண்டு பேரும் சொல்லவில்லை.

சொன்னது உம்மாதான். “பாத பூட்டி மூணு கிழம. மாட்டிறைச்சி வந்ததெண்டா மாடு எங்கால வந்த?”

“பேசாம இரு புள்ள” என்றார் வாப்பா.

அன்று மத்தியானம் அவர் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். ஒரு நாவல் மரத்தின் கீழ்க் கிளையில் சிக்னல் வயரில் போட்ட சுருக்கு ஒன்று தொங்கியது. அதில் பழுப்பு நிற மயிர் ஒட்டியிருந்தது. முகாமுக்குள் ஒரு வெடி கேட்டால் நான்கு பேர் அறிக்கை எழுத வேண்டும். சுருக்கென்றால் சத்தமில்லை. வாப்பா அதைக் கழற்றிச் சுருட்டி, துடைத்து, களஞ்சியத்தில் வயர் வைக்கும் தட்டில் வைத்துவிட்டு வந்தார்.

முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டிருக்கலாம். ஆனால் அந்தக் காது கிழிந்த கிடாய்க்கு மேஜரின் மனைவி தினமும் பின்னேரம் பிஸ்கட் கொடுத்து வந்தார். வியாழக்கிழமைக்குப் பிறகு அது வரவில்லை என்று அவர் மேஜரிடம் சொல்ல, மேஜர் வாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். செத்தது என்று எழுதினால் உடலைக் காட்ட வேண்டும். உடல் பதினொரு வீடுகளில் சாப்பிட்டு முடிந்திருந்தது. உண்மையை எழுதினால் விமலசிறியை மறியலில் அடைப்பார்கள், வேலையும் போகும்.

வாப்பா படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்தபடி இருந்தார். ஸுல்பிகா பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஓடிப்போச்செண்டு எழுதுங்க வாப்பா.”

“எங்கால ஓடுற? சுத்திவரக் கம்பி.”

“தண்ணித் தாங்கிக்குப் பின்னால கம்பி ஆடுது. நாங்க அதால கையப் போட்டுத்தான் நாவல்பழம் பொறுக்கிற.”

வாப்பா பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். பிறகு எழுதினார். ‘கிடாய் ஒன்று. வியாழக்கிழமை பின்னேரம் தண்ணீர்த் தாங்கியின் பின்புற வேலி வழியாக முகாமை விட்டு வெளியேறியது.’

ஸுல்பிகாவுக்கு அன்று நல்ல சந்தோஷம். இனோகாவின் தகப்பனைக் காப்பாற்றிவிட்டாள். அதை இனோகாவிடம் சொல்ல ஏலாது என்பதுதான் ஒரே குறை.

தலைமையகம் எந்தக் கடிதத்துக்கும் இரண்டு மாதத்துக்குள் பதில் எழுதியதில்லை. இதற்குப் பத்து நாளில் பதில் வந்தது. ஒரு மான் வெளியே போகக்கூடிய வேலியால் யார் உள்ளே வரலாம் என்று கேட்டிருந்தார்கள். ஓட்டையின் அளவு, வரைபடம், புகைப்படம், அந்த நேரம் அங்கே காவலில் நின்றவரின் பெயர் எல்லாம் உடனே வேண்டும்.

மேஜர் ஓட்டையைப் பார்க்க வந்தார். வாப்பா கூடப் போனார். பிள்ளைகள் தாங்கியின் மறுபக்கத்தில் நின்று பார்த்தார்கள். வேலியில் ஒரு சின்னப் பிள்ளையின் கை போகுமளவுக்கு இடைவெளி இருந்தது. மேஜர் குனிந்து பார்த்தார். தன் கையை விட்டுப் பார்த்தார். அது போகவில்லை.

“கோப்ரல், அந்தக் கிடாய்க்குக் கொம்பு இருந்ததா?”

“இருந்தது, சேர்.”

“இந்த ஓட்டையால் அது போகுமா?”

“இந்த ஓட்டையால் போகாது, சேர்.”

மேஜர் நிமிர்ந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் மனைவி தினமும் கேட்கிறார். மேலே தலைமையகம் கேட்கிறது. விருந்து நடந்த சனிக்கிழமை அவருடைய பங்களாவுக்கும் ஒரு கிண்ணம் போயிருந்தது. அவர் அதைப் பற்றி யோசித்தாரா என்பது தெரியாது. கடைசியில் சொன்னார்.

“அப்படியானால் போகிற ஓட்டையைக் காட்டுங்கள்.”

அன்று பின்னேரம் இரண்டு பேர் குறட்டோடு வந்து கம்பியை வெட்டி, ஒரு மான் தாராளமாகப் போகுமளவுக்கு ஓட்டையைப் பெருப்பித்தார்கள். அளந்தார்கள். படம் வரைந்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். பிறகு அதே இரண்டு பேரும் புதுக் கம்பி கொண்டுவந்து அதை இறுக்கி அடைத்தார்கள். அவர்களில் ஒருவர் விமலசிறி. கம்பி வேலைக்கு முகாமில் அவரைவிடக் கெட்டிக்காரர் இல்லை. வேலை முடிந்ததும் அவர் வாப்பாவிடம் ஒரு சிகரெட் நீட்டினார். வாப்பா சிகரெட் குடிப்பதில்லை. ஆனாலும் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் காவல் அட்டவணையை எடுத்தார்கள். வியாழக்கிழமை, பின்னேரம் இரண்டு முதல் ஆறு வரை, தண்ணீர்த் தாங்கிப் பக்கம்: லான்ஸ் கோப்ரல் விமலசிறி.

வாப்பா அட்டவணையைப் பார்க்காமல் எழுதியிருந்தார். மேஜரின் மனைவி கிடாயைக் கடைசியாகக் கண்ட நாள் என்பதால்தான் வியாழக்கிழமை என்று எழுதினார். ஆனால் விமலசிறி அங்கே காவலில் நின்றபடியால்தான் சுருக்குப் போட்டார் என்பது யோசித்திருந்தால் யாருக்கும் விளங்கியிருக்கும். வாப்பா யோசிக்கவில்லை. ஸுல்பிகாவும் யோசிக்கவில்லை.

காவல் நேரத்தில் நித்திரை கொண்டதாக விமலசிறி மேல் குற்றம் எழுதினார்கள். அவர் மறுக்கவில்லை. நான் நித்திரை கொள்ளவில்லை, மான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. ஓகஸ்ட் மாதம் வடக்கே ஒரு முகாமுக்கு மாற்றம் வந்தது.

போகிற நாள் காலை அவர் மற்றப் பதினொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஏழாம் நம்பரில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ மெதுவாகப் பேசினார். ஸுல்பிகாவின் தலையில் கை வைத்தார். அவருடைய விரல்களில் கம்பி கீறின பழைய தழும்புகள் இருந்தன. ட்ரக் இறக்கத்தில் இறங்கி மறையும் வரை இனோகா கை காட்டினாள்.

அன்றிலிருந்து ஸுல்பிகாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் பூச்சி என்று உம்மா மருந்து கொடுத்தாள். பூச்சி ஒன்றும் விழவில்லை. ஒரு நாள் அவள் இனோகாவிடம், “இனி எனக்கு சலூட் அடிக்காத” என்றாள்.

“ஏன்?”

“சும்மா.”

“அது சரிவராது. ஒழுங்கு எண்டா ஒழுங்கு” என்று சொல்லி இனோகா விறைப்பாக நின்று ஒரு சலூட் அடித்தாள். பிறகு பின்னலை இழுத்தாள்.

விமலசிறி மாதம் ஒரு கடிதம் எழுதினார். ஒரு முறை லீவில் வந்து ஐந்து நாள் நின்றார். மெலிந்திருந்தார். அங்கே சாப்பாடு எப்படி என்று உம்மா கேட்டபோது, அங்கேயும் ரின் மீன்தான் அக்கா என்றார்.

அடுத்த வருஷம் ஜூலையில் அந்த முகாம் விழுந்தது.

ரேடியோவில் முதலில் விழவில்லை என்று சொன்னார்கள். பிறகு சண்டை நடக்கிறது என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு பாட்டுப் போட்டார்கள். எட்டாம் நம்பர் வாசலில் பெண்கள் எல்லாரும் கூடி நின்றார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு மேஜர் நேரில் வந்து ஒரு தாளைச் சீலவதியிடம் கொடுத்தார். அதில் விமலசிறி காணாமற்போனவர் என்று இருந்தது.

காணாமற்போனவர் என்றால் அவர் இன்னும் சேவையில் இருக்கிறார். சம்பளம் வரும். வீடும் இருக்கும். இறந்தவர் என்றால் மூன்று மாதத்துக்குள் குவாட்டர்ஸை விட்டுவிட வேண்டும். அதைச் சீலவதிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குவாட்டர்ஸில் எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும்.

மறுநாள் காலை அவள் குடத்தோடு குழாயடிக்கு வந்தபோது சார்ஜன்ட் மேஜரின் மனைவி வரிசையின் முதல் இடத்தை விட்டு விலகி, வா என்று கையைக் காட்டினார். அப்படி ஒன்று அந்தக் குழாயடியில் நடந்ததே இல்லை. சீலவதி அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு நடந்து போய்த் தன் பழைய இடத்தில், ஆகக் கடைசியில் நின்றாள்.

“என்ட மனுசன் லான்ஸ் கோப்ரல்தானே” என்றாள், உம்மாவிடம் தமிழில். “அவர் இன்னும் அதுதான்.”

அன்று அவளுடைய முறை வரும் வரை தண்ணீர் நிற்கவில்லை. முன்னால் நின்ற எல்லாரும் அரைக் குடத்தோடு போனார்கள்.

பதினான்கு மாதம் அப்படிப் போனது. விசாரிக்க வந்த அதிகாரிகளிடமெல்லாம் சீலவதி அவர் காணாமற்போனவர் என்றாள். சாத்திரம் கேட்டாள். செஞ்சிலுவைக்கு எழுதினாள். தொண்ணூற்றேழாம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாவது தாள் வந்தது. அதில் சொல் மாறியிருந்தது. அவளுடைய தமையன் அநுராதபுரத்திலிருந்து லொறியோடு வந்தார்.

சாமான் ஏற்றுகிற அன்று ஸுல்பிகா பள்ளிக்கூடம் போகவில்லை. இனோகா பின்னறையில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. தகப்பனின் நெற்றி, தகப்பனின் கை. ஸுல்பிகா கதவை அடைத்துவிட்டு வந்து சொன்னாள்.

“மான் ஓடிப்போச்செண்டு எழுதச் சொன்னது நான்தான். கம்பி ஆடுற இடத்தயும் நான்தான் வாப்பாக்குச் சொன்னனான்.”

இனோகா பாயைப் பாதியில் விட்டாள். வெளியில் அலுமாரி ஒன்றை ஏற்றும் சத்தம் கேட்டது. யாரோ மெல்ல, மெல்ல என்றார்கள்.

“நான் அந்த இறைச்சியில ஒரு துண்டும் சாப்பிடல்ல” என்றாள் இனோகா. “பெரியபிள்ளையானா மூண்டு மாதத்துக்கு இறைச்சி கூடாதெண்டு அம்மா தரல்ல. எனக்குப் பூசணிக்காய் தந்தவங்க.”

ஸுல்பிகா அழத் தொடங்கினாள். இனோகா அழவில்லை. கயிற்றின் ஒரு முனையை எடுத்து அவளுடைய கையில் கொடுத்தாள்.

“இதப் பிடி. இறுக்கிப் பிடி” என்றாள்.

இரண்டு பேருமாகப் பாயைக் கட்டினார்கள். முடிச்சு நன்றாக விழவில்லை. மறுபடி அவிழ்த்துக் கட்டினார்கள். லொறி பதினொரு மணிக்குப் போனது. போகும்போது இனோகா முன் சீட்டில் தாய்க்கும் மாமனுக்கும் நடுவில் இருந்தாள். கை காட்டினாளா இல்லையா என்பது ஸுல்பிகா நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

பின்னேரம் வாப்பா எட்டாம் நம்பர் வீட்டைப் பார்த்துப் பூட்டி, சாவியைக் களஞ்சியத்தில் கொழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. ஸுல்பிகா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள்.

“வாப்பா, நான் இனோகாக்கிட்ட சொல்லிட்டன்.”

அவர் தேத்தண்ணியை ஆற்றினார்.

“நானும் சீலவதிக்கிட்டச் சொன்னனான்.”

“எப்ப?”

“போன வருசம். முதல் தாள் வந்த அடுத்த நாள்.”

“என்ன சொன்னாங்க?”

“அவக்குத் தெரியுமாம். விமலசிறி போகமுன்னயே எல்லாம் சொல்லிட்டுத்தான் போனவராம். ஸெய்னுதீன் அண்ணன் என்னைய மறியலுக்குப் போகாமக் காப்பாத்தினவர் எண்டு.” வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார். “அப்பிடித்தான் சொன்னவராம். காப்பாத்தினவர் எண்டு.”

பதினான்கு மாதமும் சீலவதி ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ஸுல்பிகாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துக் கொண்டு வந்தாள். பெருநாளுக்குத் தோடம்பழம் கொண்டு வந்தாள். அவ்வளவு நாளும் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள்.

“கோவிக்கல்லயா வாப்பா?”

“ரெண்டு நாள் கதைக்கல்ல. மூணாம் நாள் தேங்காத் திருவலை கேட்டு வந்தா.”

உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் போலும்.

“அந்தத் திருவலை இப்ப அவங்கட லொறியிலதான் போகுது” என்றாள். “போன கிழம வாங்கினவ. நானும் கேக்க மறந்திட்டன்.”

“போகட்டும்” என்றார் வாப்பா.

அடுத்த நாள் காலை உம்மா ஆறாம் நம்பர் வீட்டில் திருவலை இரவல் வாங்கித் தேங்காய் திருவினாள்.